தளம் என்றொரு சொல்

கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசாகிவிட்டது நம் விமர்சனத்தில் 'தளம்' என்ற சொல். கவிதை பல தளங்களில் இயங்குகிறது என்கிறோம். நாவல் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது என்கிறோம். ஒரு தளத்தில் இருப்பது அடுத்த தளத்தில் இருப்பதை எப்படித் தொடுகிறது, எதைக்கொண்டு தொடுகிறது, தொடத்தான் செய்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அடுக்கி வைத்தாயிற்று, அதுவே ஆழம் என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கேள்வியைக் கேட்டே தீரவேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள் பௌதிகக்காரர்கள். அவர்கள் வழியாக அந்தச் சொல் பட்ட பாட்டை ஒரு சரித்திரமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றிற்று. அருப்புக்கோட்டையில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் என்பதற்கு மேல் இதற்கு எனக்கு யோக்யதை எதுவும் இல்லை.

உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் திருச்சுழி என்றால் தெரியாதவர் கிடையாது. 1879 டிசம்பர் 30ல் அங்கே பிறந்த வேங்கடராமன் பின்னால் ரமண மகரிஷி ஆனார். இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் குண்டாற்றங்கரைவரை வந்து அவர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கிருந்து மேற்கே, மலையடிவாரத்தில், வத்திராயிருப்பு இருக்கிறது. 1898 டிசம்பர் 4ல் அங்கே பிறந்த கே. எஸ். கிருஷ்ணனைத் தேடி யாரும் வருவதாகத் தெரியவில்லை. அவரைக் கரிசலின் பிள்ளை என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வத்திராயிருப்பு நெல்லும் தென்னையும் உள்ள ஊர். எங்களுடையது தண்ணியில்லாக் காடு. அவர் பிறந்தபோது இரண்டும் ஒரே ஜில்லாவில்கூட இல்லை. வத்திராயிருப்பு திருநெல்வேலியில் இருந்தது, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மதுரையில் இருந்தன. 1910ல் ராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது ஒரு கூரையின்கீழ் வந்தன. 1985ல் பிரித்தபோதும் ஒன்றாகவே விருதுநகர்ப் பக்கம் விழுந்தன. ஆக, உறவு சர்க்கார் ஏற்படுத்தியதுதான்.

கிருஷ்ணனைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்கள் உடனே ஒரு ஆதங்கத்தை எடுத்து வைப்பார்கள். 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் சிதறல் ஒளியின் புதிய குணம் கண்டுபிடிக்கப்பட்டபோது பரிசோதனை மேஜையில் நின்றவர் அவர். 'நேச்சர்' பத்திரிகையில் வந்த முதல் குறிப்பில் ராமன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. 1930ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஆதங்கம் கிருஷ்ணனுக்குச் செய்த அநியாயத்தையே இன்னொரு விதத்தில் தொடர்கிறது என்பது என் கட்சி. ஒரு மனிதனை இன்னொருவர் சரித்திரத்தின் அடிக்குறிப்பாக்கிவிட்டு, அடிக்குறிப்பு ஏன் சின்ன எழுத்தில் இருக்கிறது என்று கண்ணீர் விடுகிறோம். அவருக்கென்று ஒரு பிரச்னை இருந்தது. அதில் இருபது வருஷம் உழைத்தார். அது திசை பற்றிய பிரச்னை.

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போனார். ஒரு பொருளின் உட்புறம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்பது அவர் அங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பனையை நெடுக்குவாட்டில் பிளக்கலாம், குறுக்கே முயன்றால் கோடாலிதான் மழுங்கும். தறித் துணியைப் பாவுவாட்டில் இழுத்தாலும் ஊடைவாட்டில் இழுத்தாலும் நீளாது; மூலைவாட்டில் இழுத்தால் நீளும். கிணறு வெட்டுகிறவர் கரிசலைத் தாண்டிச் சுக்கானைத் தொடும்போது தண்ணீரைக் கீழே தேடமாட்டார், பக்கவாட்டில் பார்ப்பார். ஊற்று அடுக்கோடு ஓடி வருகிறது. ஆனால் கையகல மரத்திலும் துணியிலும் தெரிகிற இந்தத் திசைபேதம், கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுக்குமா?

கிருஷ்ணனின் முறை அழகானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சின்னஞ்சிறு படிகத்தைக் கட்டி, சீரான காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. காந்தத்துக்கு எந்தத் திசை உகந்ததோ அந்தத் திசையில் படிகம் நின்றுகொள்ளும். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போனால் படிகம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் கொடுக்கும். முறுக்கு ஏற ஏற ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும். எவ்வளவு முறுக்கியபோது புரண்டது என்ற கோணத்திலிருந்து, இரண்டு திசைகளுக்கிடையே காந்த குணத்தில் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுவிடலாம். இழை, படிகம், ஒரு காந்தம், பொறுமை. ஏழை நாட்டுப் பரிசோதனை என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது, ஏனென்றால் பணக்கார நாடுகளிலும் அன்றைக்கு இதைவிட நுட்பமான வழி இல்லை. நாஃப்தலீன், ஆந்த்ரஸீன் முதலான படிகங்களில் தட்டையான மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் கிடக்கின்றன என்று இந்த இழையை வைத்தே சொல்ல முடிந்தது. லண்டனில் எக்ஸ்-கதிரால் படிகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த காத்லீன் லான்ஸ்டேலும் அவரும் சேர்ந்து 1936ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கதிர் சொன்னதும் இழை சொன்னதும் ஒத்துப்போயின.

1933ல் கல்கத்தாவுக்குத் திரும்பிய பிறகு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கிராஃபைட், நம் பென்சில் முனையில் இருக்கும் அதே கரி. கரியணுக்கள் தேன்கூட்டு வடிவில் தாள் தாளாக விரிந்து, தாள்மேல் தாளாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஒவ்வொரு தாளுக்குள்ளும் பிணைப்பு இரும்புப் பிடி. தாளுக்கும் தாளுக்கும் இடையே வெறும் ஒட்டுறவு. அதனால்தான் எழுதும்போது காகிதத்தில் உதிர்கிறது. இந்த அடுக்குக்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை வைத்தால் கிராஃபைட் காட்டும் எதிர்ப்பு, அடுக்கோடு வைத்தால் காட்டுவதைப்போல் நாற்பது மடங்குக்கும் மேல். 1934ல் 'நேச்சர்' பத்திரிகையில் இதுபற்றி அவர் குறிப்பு வந்தது. 1939ல் கங்குலியோடு சேர்ந்து மின்சாரத்தை அளந்தார். தாளோடு ஓடும் மின்சாரத்துக்கும் தாளைக் கடந்து ஓடவேண்டிய மின்சாரத்துக்கும் வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு வரிசையில் வந்தது. எலெக்ட்ரான்கள் தங்கள் தளத்துக்குள் கிட்டத்தட்ட சுதந்திரமானவை; தளத்தை விட்டு வெளியேறுவது அரிது. 'தளம்' என்ற சொல்லுக்கு இப்படித்தான் முதன்முதலாக ஒரு எண் கிடைத்தது என்று நான் என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

மறுபடி டாக்காவுக்கு வருகிறேன். கிருஷ்ணன் அங்கிருந்த காலத்தில் பௌதிகத் துறைக்குத் தலைவர் சத்யேந்திரநாத் போஸ். 1924 ஜூன் 4ல் அதே ஊரிலிருந்துதான் அவர் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதி, கூடவே ஒரு சின்னக் கட்டுரையையும் அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட்டார். அதில் இருந்தது எண்ணும் முறை பற்றிய ஒரு யோசனை. இரண்டு காசுகளைச் சுண்டினால் நான்கு விதமாக விழலாம்: இரண்டும் பூ, இரண்டும் தலை, இது பூ அது தலை, இது தலை அது பூ. ஆனால் 'இது', 'அது' என்று பிரித்துச் சொல்லவே முடியாத காசுகள் என்றால்? அப்போது விதங்கள் மூன்றுதான். இரண்டும் ஒரே பக்கம் விழும் வாய்ப்பு பாதியிலிருந்து மூன்றில் இரண்டாக ஏறிவிடுகிறது. தனித்தனி அடையாளம் இல்லாதவை ஒன்றுகூடும் சுபாவம் உடையவை என்று இதற்கு அர்த்தம். ஒளித்துகளுக்கு போஸ் சொன்னதை ஐன்ஸ்டைன் அணுக்களுக்கும் நீட்டி, போதுமான குளிர்ச்சியில் ஒரு வாயுவின் அணுக்கள் கூட்டமாக ஒரே நிலைக்குள் இறங்கிவிடும் என்று 1925ல் சொன்னார். பத்து வருஷத்துக்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1938ல் ஹீலியம் திரவம் 2.17 கெல்வினுக்குக் கீழே உராய்வே இல்லாமல் ஓடுகிறது என்று மாஸ்கோவில் காபிட்ஸாவும் கேம்பிரிட்ஜில் ஆலனும் மைஸ்னரும் அறிவித்தார்கள். ஃப்ரிட்ஸ் லண்டன்தான் அப்போது அந்தப் பழைய கட்டுரையைத் தூசி தட்டி எடுத்தார்.

அடுக்கின் திசைபேதத்தை அளந்தவரும், ஒன்றுகூடுதலின் கணக்கை எழுதியவரும் நாலைந்து வருஷம் ஒரே துறையில் இருந்தார்கள். இதை வைத்து ஒரு காவியம் கட்டலாம், கட்டுகிறவர்கள் உண்டு. நான் கட்டப்போவதில்லை. அவர்கள் இரண்டு தனி வேலைகள் செய்தார்கள். அந்த இரண்டும் ஒரே கட்டுரைக்குள் வந்து சேர எண்பது வருஷம் ஆயிற்று. சேர்த்தவர்கள் ஹானோவரிலும் பாரிஸுக்கு அருகே ஆர்ஸேயிலும் ஹார்வர்டிலும் இருந்தவர்கள். அவர்களுக்கு வத்திராயிருப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். இயற்கையில் துகள்கள் இரண்டு ஜாதி. கூடுகிறவை போஸின் பெயரால் போஸான்கள். ஒரே நிலையில் இரண்டு இருக்க இடம் கொடுக்காதவை ஃபெர்மியின் பெயரால் ஃபெர்மியான்கள். எலெக்ட்ரான் இந்த இரண்டாம் ஜாதி. அப்படியானால் 1911ல் லைடனில் கமர்லிங் ஆனஸ் 4.2 கெல்வினில் பாதரசத்தில் கண்டாரே, மின்சாரம் தடையே இல்லாமல் ஓடியதை, அது எப்படி? கூடமாட்டோம் என்கிற எலெக்ட்ரான்கள் எப்படி ஒரே நடை நடக்கின்றன? விடை கிடைக்க நாற்பத்தாறு வருஷம் பிடித்தது. 1956ல் கூப்பரும், 1957ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் சொன்ன பதில்: அவை இரண்டிரண்டாக இணைகின்றன. ஒன்று கடந்துபோகும்போது சுற்றியுள்ள அணுக்கள் லேசாக அதன் பக்கம் சாய்கின்றன. சாய்ந்தவை நிமிர்வதற்குள் இன்னொன்று அந்தச் சாய்வினால் ஈர்க்கப்படுகிறது. இரண்டு ஃபெர்மியான் சேர்ந்தால் போஸான் மாதிரி நடந்துகொள்ளும்.

'இணை' என்ற சொல் இங்கே நம்மை ஏமாற்றும் என்பதால் ஒரு வார்த்தை. நாம் அன்றில் பறவைகளை நினைத்துக்கொள்கிறோம். அலுமினியத்தில் இப்படி இணைந்த இரண்டு எலெக்ட்ரானுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மைக்ரானுக்கும் மேல். அந்த இடைவெளிக்குள் லட்சக்கணக்கான வேறு இணைகளின் எலெக்ட்ரான்கள் கிடக்கின்றன. சந்தை நாளில் அருப்புக்கோட்டைக் கடைவீதியின் இரண்டு கோடியில் நிற்கிற இருவர், நடுவே அத்தனை கூட்டம் இருந்தும் ஒருவர் போக்கை ஒருவர் விடாமல் இருப்பது மாதிரி. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அப்படியே. இது தாம்பத்தியமல்ல. இதை ஜோடி நடனம் என்று எழுதுகிற பிரபல விஞ்ஞானப் புத்தகங்களை நான் மூடி வைத்துவிடுகிறேன்.

1972ல் கார்னெலில், ஃபெர்மியான் ஜாதியைச் சேர்ந்த ஹீலியம்-3 திரவமும் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவான உஷ்ணத்தில் இணைந்து தடையின்றி ஓடுவதைக் கண்டார்கள். 1986ல் பெட்நார்ஸும் ம்யுல்லரும் தாமிர ஆக்ஸைடுகளில் மின்தடையற்ற நிலையை யாரும் எதிர்பாராத உயரத்தில், சுமார் 30 கெல்வினில், கண்டபோது அடுக்கு மீண்டும் அரங்கத்துக்கு வந்தது. இந்தப் பொருள்களில் எல்லாம் நடப்பது தாமிரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தளங்களில். 1987ல் ஆண்டர்சனோடு சேர்ந்து இதற்கு ஒரு சித்தாந்தம் எழுதிய பாஸ்கரன் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்தவர். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. 2018ல் கிருஷ்ணனின் கிராஃபைட்டே திரும்ப வந்தது. அதன் ஒற்றைத் தாள்கள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக 1.1 டிகிரி திருகி வைத்தால் மின்தடை மறைகிறது என்று எம்.ஐ.டி.யில் ஹாரிலோ-எர்ரெரோவின் குழு காட்டியது. தளங்களுக்கு இடையே இருக்கும் அந்த 'வெறும் ஒட்டுறவு' அவ்வளவு வெறும் அல்ல என்று ஆயிற்று.

இனி வாயு. 1995 ஜூனில் கொலராடோவின் போல்டரில், ருபீடியம் அணுக்களை லேசரால் வேகம் குறைத்து, பிறகு சூடானவற்றைத் தப்பவிட்டுத் தப்பவிட்டு 170 நானோகெல்வின்வரை குளிர்வித்து, ஐன்ஸ்டைன் சொன்ன கூட்டத்தைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு நானோகெல்வின் என்பது ஒரு கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே போல்டரில் டெபோரா ஜின், கூடாத ஜாதியான பொட்டாசியம்-40ஐ எடுத்துக்கொண்டு, 1999ல் அதை அதன் கடைசிக் குளிர்வரை கொண்டுபோனார்; 2003 முடிவில் அவற்றை இணையவைத்துக் காட்டினார். இந்த நூற்றாண்டில் இதைவிடச் சுத்தமான பரிசோதனைக் கை அதிகம் இல்லை என்பது என் எண்ணம். 2016ல், நாற்பத்தேழு வயதில், அவர் காலமானார்.

அணுக்கள் ஒன்றையொன்று உணர்வது மோதும்போதுதான். தொலைவிலிருந்து உணரச் செய்யவேண்டுமானால் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் கொண்ட மூலக்கூறு வேண்டும். 2008ல் ஜின்னும் ஜுன் யேயும் பொட்டாசியத்தையும் ருபீடியத்தையும் கட்டி அப்படி ஒன்றைச் செய்தார்கள். உஷ்ணம் 350 நானோகெல்வின். சிக்கல் உடனே வந்தது. இவ்வளவு குளிரிலும் ரசாயனம் நிற்கவில்லை. இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் பொட்டாசியம் பொட்டாசியத்தோடும் ருபீடியம் ருபீடியத்தோடும் போய்விடும். வெளிப்படும் சக்தியில் எல்லாம் பொறியை விட்டுப் பறந்துவிடும். அதுவும் தலையும் வாலுமாகச் சந்திக்கும்போது, அதாவது ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையை நோக்கி வரும்போது, இழுப்பு அதிகம், சேதம் அதிகம்.

பரிசோதனைச்சாலையில் அடுக்கு வந்தது இதற்குக் காப்பாகத்தான். எதிரெதிராக வரும் லேசர்க் கதிர்கள் நிற்கும் அலையாகி, வெளிச்சத்தாலான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, சுமார் அரை மைக்ரான் இடைவெளியில் விரிகின்றன. மூலக்கூறுகள் அந்தத் தாள்களுக்குள் சிறைப்படுகின்றன. மின்புலத்தால் அவற்றை எல்லாம் நிமிர்த்தி, தாளுக்குச் செங்குத்தாக நிற்கவைத்தால், ஒரே தாளில் உள்ளவை பக்கவாட்டில்தான் சந்திக்க முடியும். பக்கவாட்டில் ஒரே நோக்கில் நிற்கும் இரண்டு காந்தக் கட்டைகளைச் சேர்த்துப் பாருங்கள், தள்ளும். 2011ல் போல்டரில் இதைச் செய்தபோது ரசாயனச் சேதம் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகக் குறைந்தது.

ஆனால் மேல் தாளில் ஒன்றும், நேர் கீழே அடுத்த தாளில் ஒன்றும் இருந்தால்? அவை தலையும் வாலுமாக நிற்கின்றன, இழுக்கின்றன, தாள் இடைவெளி காப்பாக இருப்பதால் மோதி அழிய முடியாது. கிராஃபைட் தலைகீழாகிவிட்டது. அங்கே தளத்துக்குள் பிடிப்பு, தளங்களுக்கிடையே அசட்டை. இங்கே தளத்துக்குள் விலக்கம், தளங்களுக்கிடையே பிடிப்பு. 2010ல் பிகோவ்ஸ்கி, கிளாவுன், ஷ்லியாப்னிகோவ், சாண்டோஸ் நால்வரும், அதே வருஷம் பாட்டர், பெர்க், வாங், ஹால்பரின், டெம்லர் ஐவரும் எழுதியவை இந்த இழுப்பினால் வரும் இணைப்பைப் பற்றி: இணையின் ஒரு பாதி மேல் தளத்தில், மறு பாதி கீழ்த் தளத்தில், இணைகள் அத்தனையும் சேர்ந்து தடையற்ற பாய்வு.

இதில் நான் நின்று நின்று படித்த இடம் ஒன்று உண்டு. கீழ்த் தளத்து மூலக்கூறு நேர் மேலே இருப்பதை இழுக்கிறது. கொஞ்சம் விலகி இருப்பதையும் இழுக்கிறது. அடுக்கு இடைவெளியைப்போல் 1.4 மடங்கு பக்கவாட்டில் விலகிவிட்டால் இழுப்பு தீர்ந்து தள்ளல் தொடங்குகிறது. அந்தத் தள்ளல் பலவீனமானது, ஆனால் பரப்பு பெரிது. தளம் முழுக்க இழுப்பையும் தள்ளலையும் கூட்டிக் கழித்தால் விடை மிகச் சரியாகப் பூஜ்யம். நம் அன்றாடப் புத்தி, பூஜ்யம் என்றால் பிணைப்பு இல்லை என்று முடித்துவிடும். குவாண்டம் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மூலக்கூறு ஒரு புள்ளியில் இல்லாமல் பரவி இருப்பதால், இழுப்புள்ள நடு இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் தள்ளலுள்ள வெளிவட்டத்தில் கொஞ்சம் குறைவாகவும் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும். முப்பரிமாண வெளியில் அந்தச் சொற்ப ஆதாயம் போதாது. தட்டையான தளத்தில் அது போதும். விசை எவ்வளவு பலவீனமானாலும் போதும். 1976ல் பாரி சைமன் இதைக் கணிதமாக நிரூபித்திருந்தார், எந்த வாயுவையும் மனதில் வைக்காமல். மொத்தம் பூஜ்யமாக இருந்தும் பிணைப்பு உண்டு; அதற்குக் காரணம் தளம் தளமாக இருப்பதே.

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் கையை விட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறேன். 1975ல் காப்ராவின் 'பௌதிகத்தின் தாவோ' வந்தபிறகு, குவாண்டம் என்றாலே உபநிஷத்து என்று எழுதும் பழக்கம் நம் சிறு பத்திரிகைகளையும் விட்டுவைக்கவில்லை. 'பூஜ்யத்திலிருந்து பிணைப்பு' என்றால் போதும், சூன்யம் பூர்ணமாகிவிடும்; திருச்சுழி வேறு பக்கத்திலேயே இருக்கிறது. ரமணரை இதற்குள் இழுப்பது ரமணருக்கும் நியாயமல்ல. அவர் கேட்டது 'நான் யார்' என்று; பொட்டாசியத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் கேள்வியின் கனம் அதற்கு வெளியிலிருந்து அத்தாட்சி தேவைப்படாததில் இருக்கிறது. சைமனின் நிரூபணத்தின் கனமும் அப்படியே: இரண்டு பரிமாணத்தில் உண்மை, மூன்றில் பொய். எந்தத் தரிசனமும் இவ்வளவு குறுகலாகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளாது. அந்தக் குறுகலை ரசிக்கத் தெரியாதவர்கள், இரண்டையும் கலந்து குடித்துவிட்டு இரண்டின் ருசியையும் இழக்கிறார்கள்.

அடுத்து, போஸ் எங்கே திரும்ப வருகிறார் என்பது. தளங்களுக்கு இடைவெளி அதிகமாக இருந்தால், அல்லது விசை குறைவாக இருந்தால், இணை பரந்து கிடக்கும். கடைவீதி உதாரணம் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக ஏராளமான இணைகள். அது 1957ன் நிலை. விசையை ஏற்றிக்கொண்டே போனால் இணை சுருங்கும். கடைசியில் மேலொன்று கீழொன்றாக இறுகி, தனித்தனி உருப்படிகளாகிவிடும். அந்த உருப்படிகள் போஸான்கள், 1925ன் கணக்குப்படி கூடுகின்றவை. மின்புலத்தைத் திருகினால் போதும், ஒரு சித்தாந்தத்திலிருந்து மற்றதற்கு வழியில் எங்கும் முறிவில்லாமல் போய்விடலாம். இரண்டும் வேறு வேறு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு அத்தியாயங்களாக நான் நடத்தியவை.

பாட்டர் முதலான ஐவர் இரண்டு தளத்தோடு நிற்கவில்லை. பல தளங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு அண்டை, கீழே ஒரு அண்டை. இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுப்பு. நியாயமாகப் பார்த்தால் ஒவ்வொரு தளமும் இரண்டு பக்கமும் பாதிப் பாதி உறவு வைத்துக்கொள்ளவேண்டும். கணக்கில் வருவது வேறு: ஒன்றும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன, மூன்றும் நாலும் சேர்ந்துகொள்கின்றன, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒன்றுமில்லை. அல்லது இரண்டும் மூன்றும், நாலும் ஐந்தும். எது என்று வெளியிலிருந்து யாரும் சொல்வதில்லை. இரண்டும் சமமான சக்தி உடையவை. பாரபட்சமற்ற ஏற்பாட்டில் அடுக்கு தானே ஒரு பாரபட்சத்தைத் தேர்ந்துகொள்கிறது. பல தளங்களில் இயங்கும் கவிதை என்று எழுதப்போகும் நண்பர்கள், எந்தத் தளம் எந்தத் தளத்தோடு இணைந்திருக்கிறது, எங்கே இடைவெளி விழுந்திருக்கிறது என்றும் எழுதினால் நான் படிப்பேன்.

இதெல்லாம் கணக்கு. பரிசோதனை அதன் வாசல்வரை வந்திருக்கிறது. 2019ல் போல்டரில் பொட்டாசியம்-ருபீடியம் மூலக்கூறுகளை ஃபெர்மி கணக்குக்கு உட்படும் அளவு குளிர்வித்தார்கள். 2022ல் மியூனிக் அருகே கார்ஷிங்கில் சோடியம்-பொட்டாசியம் மூலக்கூறுகளை நுண்ணலையால் கவசமிட்டு 21 நானோகெல்வின்வரை கொண்டுபோனார்கள். 2024ல் நியூயார்க்கின் கொலம்பியாவில் செபாஸ்டியன் வில்லின் குழு, போஸான் ஜாதியான சோடியம்-சீசியம் மூலக்கூறுகளை 6 நானோகெல்வினில் போஸ் சொன்னபடியே கூடவைத்தது. கூட்டம் இரண்டு விநாடி நிலைத்தது. கிருஷ்ணன் 1961 ஜூனிலும் போஸ் 1974 பிப்ரவரியிலும் போய்விட்டார்கள்.

இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் முறையைச் சொல்லவேண்டும். இழையில் தொங்கவிட இங்கே படிகம் இல்லை. எதுவும் இந்த வாயுவைத் தொடமுடியாது. பாத்திரச் சுவர் பட்டாலே தீர்ந்தது. பொறியை அணைத்துவிட்டு, வாயு விரிந்து விழும்போது அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, நிழலைப் படம் பிடிக்கிறார்கள். படம் எடுத்த மாத்திரத்தில் வாயு போய்விடும். அடுத்த படத்துக்கு, பொட்டாசியத்தையும் ருபீடியத்தையும் மறுபடி ஆவியாக்குவதிலிருந்து தொடங்கவேண்டும்.